ஏழாவது கயிறு

அப்பா இறந்தபோது அறையில் இருந்தவர்கள்: பெரியவள். கைபேசியில் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் புயல் செய்தி பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவன். வாரத்துக்கு மூன்று நாள் வந்துபோகும் நர்ஸ். ஜன்னலுக்குப் பலகை அடிக்கச் சுத்தியல் இரவல் கேட்க வந்து, கேட்க வாய் வராமல் வாசலிலேயே நின்றுவிட்ட கீழ்வீட்டுத் தையல்காரர்.

இல்லாதவன் சின்னவன். அவன் படகுத்துறையில் இருந்தான்.

அப்பா கடைசியாகக் கேட்டதும் இல்லாதவனைப் பற்றித்தான். காலை ஒன்பது மணிக்குக் கண்ணைத் திறந்தவர், வாயைத் துடைத்துக்கொண்டிருந்த பெரியவளின் கையை விலக்கிவிட்டு, "சின்னவன் குழாயைச் சுத்திட்டானா?" என்றார்.

"சுத்திட்டான்ப்பா."

என்ன குழாய் என்று அவளுக்குத் தெரியாது. பத்து இருபதுக்கு மூச்சு நின்றது.

"உன் தம்பிக்கு போன் பண்ணட்டா?" என்றான் கணவன்.

"வேண்டாம். நான் நேர்ல போய்ச் சொல்றேன்."

"இந்தக் காத்துலயா? ஒரு மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி வருது. புயல் போறவரைக்கும் அங்கதான் வச்சிருப்பாங்களாம். நீ இல்லாம எப்படி?"

"நீங்க இருக்கீங்கல்ல."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு வருஷமாகத் தெருமுனை மருந்துக்கடையைத் தாண்டிப் போகாத பெண், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்ற மறுவருஷம், யாரோ வேண்டாம் என்று விட்ட பாய்மரப் படகு ஒன்றைப் பிடித்துக்கொண்டார். காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்த சின்னவனையும் கூடவே பிடித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமையானால் இரண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள். பெரியவள் பிளாஸ்கில் டீ ஊற்றிக் கொடுப்பாள். வா என்று அவளை ஒரு தடவைகூட இருவரும் கூப்பிட்டதில்லை. படுக்கையில் விழுந்த பிறகு அப்பா அவள் பொறுப்பு. படகு சின்னவன் பொறுப்பு. அப்படித்தான் பிரிந்தது. யாரும் உட்கார்ந்து பேசிப் பிரிக்கவில்லை.

துறையில் பாதிப் படகுகளைக் கரையேற்றிவிட்டிருந்தார்கள். சின்னவன் பாய்களை இறக்கிச் சுருட்டி, அவற்றின் மேல் முழங்காலை ஊன்றிக் கட்டிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் கை ஒரு கணம் நின்றது. பிறகு முடிச்சை இறுக்கினான்.

"வாக்கா" என்றான். "அப்பா சாப்பிட்டாரா?"

சொல்லத்தான் வந்தாள். வரும் வழியெல்லாம் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே வந்தாள். ஆனால் அவன் கேட்ட அந்தக் கணத்தில், அவனிடம் இல்லாத ஒன்று தன்னிடம் இருப்பது அவளுக்கு உறைத்தது. பிறந்ததிலிருந்து முதல் தடவை.

"ரெண்டு வாய் கஞ்சி" என்றாள்.

அவன் தலையாட்டினான். "நாலு மணிக்கு கேட்டைப் பூட்டுறாங்க. இருந்து ஒரு கை குடுக்குறியா?"

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படகில் ஏறினாள்.

படகிலிருந்து ஏழு கயிறுகள் ஏழு திசையில் தூண்களுக்குப் போயின. எல்லாம் தொய்வாக இருந்தன.

"இழுத்துக் கட்டாம விட்டிருக்க?"

"இழுத்துக் கட்டினா போச்சு. தண்ணி பத்தடி ஏறினா படகும் கூட ஏறணும்ல." ஒரு வாளியை அவள் பக்கம் தள்ளினான். உள்ளே சாண் நீளத்துக்கு நறுக்கி, நடுவில் கீறிவிட்ட தடித்த சிவப்புக் குழாய்த் துண்டுகள். "தீயணைப்புக் குழாய். அப்பா வேலை பார்த்த கட்டடத்துலேருந்து கொண்டாந்தது. கயிறு விளிம்புல உரசுற எடத்துல இதைச் சுத்தி, ரெண்டு முனையையும் நூலால கட்டணும். கயிறு இழுத்து அறுந்து அவர் பார்த்ததே இல்லையாம், தேஞ்சுதான் அறுமாம். முப்பது வருஷம் லிஃப்ட்டுல தொங்கினவர் சொன்னா கேட்டுக்க வேண்டியதுதான்."

ஆக, இதுதான் அந்தக் குழாய்.

அவள் முதல் துண்டை எடுத்தாள். சின்னவன் கீழே அறைக்குள் இறங்கி, பேட்டரியை நகர்த்திக்கொண்டே பேசினான். அப்பா ஒரு தடவை பாய்க்கயிற்றில் வேட்டி சிக்கி, வேட்டியை மட்டும் மேலே ஏற்றிவிட்டுக் கீழே நின்ற கதை. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட நகைக்கடை முதலாளி தைரியத்துக்கு நாட்டுப்பண் பாடிய கதை.

"அவர் இவ்வளவு பேசுவாரா?" என்றாள் பெரியவள்.

"பேச்சா? காது புளிச்சிடும். உங்கிட்ட பேச மாட்டாரா?"

தண்ணி. தலகாணி. ஃபேனைக் குறை. திருப்பிப் போடு. இரண்டு வருஷத்தில் அவளிடம் அவர் பேசியது அவ்வளவுதான். விரல்விட்டு எண்ணிவிடலாம். இரண்டாவது துண்டு, மூன்றாவது. நூலை இறுக்க இறுக்க விரல் சிவந்தது. படுக்கையில் புண் வராமலிருக்க இப்படித்தான் அவர் குதிகாலுக்குத் துணி சுற்றுவாள். அதைப் பற்றி அவர் யாரிடம் கதை சொல்லியிருப்பார்?

நான்காவதைச் சுற்றும்போது படகறையின் சின்ன ஜன்னல் வழியே உள்ளே பார்த்தாள். பலகைமேல் பிளாஸ்க் இருந்தது. அவளுடைய பிளாஸ்க். போன வருஷம் காணோம் என்று வீடெல்லாம் தேடியது. கூடவே இரண்டு டம்ளர். சரியாக இரண்டு.

ஐந்து, ஆறு.

ஏழாவது கயிறு முன்னால் மூக்குப் பக்கம் இருந்தது. காற்று வரும் திசைக்கு நேராக நிற்பது அதுதான். குனிந்து கயிற்றைக் கையில் பிடித்தாள். படகு மெதுவாக எழும்பி இறங்க, கயிறு விளிம்பில் ஒரு விரற்கடை முன்னும் பின்னும் உரசியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடைசித் துண்டைத் தன் கைப்பையில் போட்டு, பையின் வாயை மூடினாள்.

கரையில் காவலாளி விசில் அடித்தார். சின்னவன் வியர்க்க விறுவிறுக்க மேலே வந்து, படகறையைச் சாத்தினான்.

"எல்லாம் ஆச்சா?"

"ஆச்சு."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா சொன்னால் சரி என்பதுபோல் இறங்கிவிட்டான். மரப்பாலத்தில் இருவரும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். மழை சாய்வாகப் பிடித்துக்கொண்டது. இரும்புக் கதவுக்கு வெளியே வந்ததும் சின்னவன் நின்றான்.

"எத்தனை மணிக்குக்கா?"

"எது?"

"அப்பா."

காற்றில் கதவு ஒரு தடவை அடித்துக்கொண்டது.

"பத்து இருபது" என்றாள். பிறகு, "யார் சொன்னது?"

"யார் சொல்லணும்? நீ அவரை விட்டுட்டு எங்க வந்திருக்க? பாலத்துல உன் தலையைப் பார்த்தப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன் சாப்பிட்டாரான்னு கேட்ட?"

"நீ சொல்லுவேன்னு." முகத்தை உள்ளங்கையால் வழித்தான். "சொல்லல. சரி, அக்காதான் அவர்கூட இருந்தவ, அவளுக்குத் தோணும்போது சொல்லட்டும்னு விட்டுட்டேன். கதை பேசிட்டே இருந்தா கை ஓடும். அதான் பேசினேன்."

அவள் கதவுக்கு அப்பால் படகைப் பார்த்தாள்.

"படுத்ததுலேருந்து என்னை அவர் கிட்டயே சேக்கலக்கா" என்றான் அவன். "நான் உள்ள வந்தா போர்வையை இழுத்து மூடிக்குவாரு. போய்ப் படகைப் பாருடான்னு விரட்டுவாரு. ஒரு நாள் தண்ணி குடுக்கப் போனேன். நீ வேண்டாம், அவளை வரச் சொல்லுன்னுட்டாரு. டம்ளரோட நின்னேன் தெரியுமா, பியூன் மாதிரி." சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?"

பெரியவள் கைப்பையை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"குழாயைச் சுத்திட்டானான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"சுத்திட்டான்னு சொன்னேன்."

சின்னவன் தலையைத் திருப்பிக்கொண்டான். தோள் இரண்டு தடவை குலுங்கியது. அவள் தொடவில்லை. காவலாளி கையில் சங்கிலியோடு வந்து, "நகருங்க சார், பூட்டணும்" என்றார்.

"ஒரு நிமிஷம்ணே" என்றாள் பெரியவள். "ஒரு கயிறு விட்டுப்போச்சு."

"எந்தக் கயிறுக்கா? நான் போறேன்."

"நீ இரு. நான் விட்டது."

அவன் அவளைப் பார்த்தான். அவள் கையில் இருந்த பையைப் பார்த்தான்.

"மணி நாலாகுதும்மா" என்றார் காவலாளி. "தாழ்ப்பாள் நிக்கல, காத்துல கதவு பிச்சுக்கிட்டுப் போயிடும். நீங்க உள்ள போனதும் பூட்டிடுவேன். முடிச்சுட்டு வந்து தட்டுங்க."

"தட்டுறேன்."

பையைத் திறந்து சிவப்புத் துண்டை எடுத்துக்கொண்டு, பையைத் தம்பியின் கையில் கொடுத்துவிட்டு, அவள் மழைக்குள் திரும்பி நடந்தாள். காவலாளி இரண்டு கையாலும் கதவைத் தள்ளிச் சாத்தி, சங்கிலியைச் சுற்றி, அவளுக்குப் பின்னால் பூட்டினார்.