ஒரு நிமிட விளக்கு

அந்த வீட்டுச் சுவர்களில் ஸ்விட்ச் என்ற ஒன்றே கிடையாது. வீட்டுக்காரரான எலக்ட்ரீஷியன் தன் கையாலேயே எல்லாவற்றையும் கழற்றி, ஓட்டைகளைப் பூசி, அறைக்கு ஒரு சென்சாரைக் கூரையில் பொருத்திவிட்டார். ஆள் அசைந்தால் விளக்கு எரியும்; அசையாவிட்டால் அணையும். மற்ற அறைகளுக்கு இருபது நிமிடம் வைத்தவர், ஜன்னலில்லாத கழிவறைக்கு மட்டும் ஒரே நிமிடம் வைத்தார்.

காரணம் மனைவியின் அண்ணன். மச்சான் செய்தித்தாளோடு உள்ளே போனால் ஊருலகத்தை மறந்துவிடுவார். ஒரு முறை அவர் போனபோது தேர்தல் தேதியை அறிவித்திருந்தார்கள். வெளியே வந்தபோது புது மந்திரிகள் பதவியேற்றுக்கொண்டிருந்தார்கள். இதில் மிகை எதுவும் இல்லை.

ஆனால் அன்று மாலை உள்ளே உட்கார்ந்திருந்தவர் எலக்ட்ரீஷியன். கதவடியில், கைக்கெட்டும் தூரத்தில், ஒரு பாம்பு சுருண்டிருந்தது. அவர் துண்டை எடுக்கக் கை நீட்டியதும் அது படமெடுத்தது. நீட்டிய கை அப்படியே நின்றது. மூச்சைக்கூடத் தவணை முறையில் விட்டார்.

நிமிடம் ஆயிற்று. விளக்கு அணைந்தது.

அசைந்தால் பாம்பு கொத்தும். அசையாவிட்டால் இருட்டில் அது எங்கே வருகிறதென்று தெரியாது. சென்சாருக்கோ சூடான உடம்பு அசைந்தால்தான் கண் திறக்கும். பாம்பு குளிர்ந்த ரத்தம், அதன் கணக்கில் சேராது. இந்த விவரமெல்லாம் தெரிந்த ஒரே ஆள் இப்போது உள்ளே இருந்தார்.

"ஏம்மா," என்று உதடு அசையாமல் மனைவியைக் கூப்பிட்டார். "உள்ள பாம்பு இருக்கு."

வெளியே மச்சான் சிரித்தார். "என்ன மாப்ள, லைட்டு போயிடுச்சா? நீங்க வச்ச சட்டம் உங்களுக்கும் சேத்துத்தானே?"

"சத்தியமா மச்சான். படமெடுத்து நிக்குது."

சிரிப்பு நின்றது. "கதவ உடைக்கட்டா?" என்றார் மச்சான்.

"வேணாம். கதவடியிலதான் கெடக்கு."

"ஐயோ, அசையாதீங்க. பாம்பு பிடிக்கிறவருக்குச் சொல்லிட்டேன், வரார்," என்றாள் மனைவி.

கதவுக்கு மேலே காற்றுக்காக விட்ட சந்து ஒன்று உண்டு. வெளியே முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது. சந்து வழியாக மச்சானின் கனத்த கை உள்ளே வந்து ஆடியது. விளக்கு எரிந்தது.

பாம்பு இடம் மாறவில்லை. எலக்ட்ரீஷியனுக்குப் போன உயிர் பாதி திரும்பியது.

"இப்படியே நிமிஷத்துக்கு ஒரு தடவ ஆட்டுங்க."

"ஆட்டறேன். நீங்க கல்லு மாதிரி இருங்க."

பத்து நிமிடம் கை ஆடியது. பதினோராவது முறை பாம்பு தலையை மேலே திருப்பியது. கதவுக் கொக்கியிலிருந்து தரைவரை தொங்கிய துண்டை முகர்ந்தது. பிறகு அவசரமில்லாமல், ஏணி ஏறுகிறவனைப் போல அதன்மேல் ஏறத் தொடங்கியது. மேலே கை ஆடிக்கொண்டிருந்தது.



"மச்சான், கைய எடுங்க."

"எடுத்தா உங்களுக்கு இருட்டாயிடுமே மாப்ள."

"ஏறி வருது. எடுங்கன்னா எடுங்க."

கை போயிற்று. நிமிடம் முடியும்போது பாம்பு துண்டில் பாதி உயரத்தில் இருந்தது. அதைக் கடைசியாகப் பார்த்ததும் அப்போதுதான், விளக்கு அணைந்தது.

தொப்பென்று ஏதோ விழுந்தது. துண்டா, துண்டோடு சேர்ந்து அதுவுமா, தெரியவில்லை. தரையில் காகிதம் உரசுவது போல ஒரு சத்தம். பிறகு இடது பாதத்தின்மேல் ஈரமில்லாத குளிர்ச்சி ஏறியது. அது போய்க்கொண்டே இருந்தது. ரயில் போவது போல, பெட்டி பெட்டியாக. கடைசிப் பெட்டி எப்போது வருமென்று அவர் காத்திருந்தார். வந்து, போயிற்று.

அதன் பிறகு ஒன்றுமில்லை. போய்விட்டதா, பக்கத்திலேயே படுத்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான். இதற்குமேல் மனிதன் யோசிக்கக் கூடாது. கையை உயர்த்தினார்.

வெளிச்சம் வந்தது. மூலையில் தண்ணீர் போகும் துளைக்குள் வால் நுனி இறங்கிக்கொண்டிருந்தது. வாளியைத் தூக்கித் துளையின்மேல் கவிழ்த்து, கதவைத் திறந்தார்.

மச்சான் இன்னும் முக்காலியின்மேல் நின்றிருந்தார். வலது கையை இடது கையால் இறுகப் பிடித்திருந்தார். அப்படியும் அது ஆடிற்று.

"நிக்க மாட்டேங்குது மாப்ள."

எலக்ட்ரீஷியன் அந்தக் கையை இரண்டு கையாலும் பற்றினார். இப்போது நான்கு கைகள் சேர்ந்து ஆடின. மனைவி இருவரையும் பார்த்துவிட்டு, முக்காலியை முதலில் பிடித்துக்கொண்டாள்.