வெறுந்தாளில் செத்த கொசுக்கள்

சாக வேண்டியது பறக்கிறது, பிழைக்க வேண்டியது சாகிறது. மூன்றாவது முறையாக.

சுகாதார அலுவலகத்தில் என் வேலை, நாங்கள் அடிக்கும் மருந்து எங்கள் பகுதிக் கொசுவுக்கு இன்னும் உறைக்கிறதா என்று பார்ப்பது. புழுக்களை அவை பிறந்த தண்ணீரோடு வரவழைத்துத் தட்டில் வளர்ப்பேன். சிறகு முளைத்ததும் குழாய்க்கு இருபத்தைந்தாக விடுவேன். நான்கு குழாய்களில் மருந்து தோய்த்த தாள், இரண்டில் மருந்தில்லாத வெறுந்தாள். ஒரு மணி நேரம் கழித்துச் சுத்தமான குழாய்க்கு மாற்றிச் சர்க்கரைத் தண்ணீர்ப் பஞ்சு வைத்தால், மறுநாள் எண்ணலாம். மருந்துத் தாளில் நூற்றுக்குத் தொண்ணூறாவது சாகாவிட்டால் மருந்து தோற்றது. வெறுந்தாளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் செத்தால் சோதனையே செல்லாது.

மருந்துத் தாளில் முப்பது கொசு ஜம்மென்று நின்றது. வெறுந்தாளில் ஐம்பதில் பதினான்கு மல்லாந்து கிடந்தது.

பூச்சிப் பிரிவு மேடம் குழாயைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். லேபிளை மாற்றி ஒட்டிவிட்டாயா என்றார். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது என்று அவருக்குத் தெரியும். இங்கே எது தப்பினாலும் சந்தேகம் நேராக என் விரலுக்குத்தான் வரும். பெரிய படிப்பு வீட்டுப் பிள்ளைகள் தப்புப் பண்ணினால் அதற்குப் பெயர் அனுபவம்.

அடுத்த வாரத்துக்குள் செல்லுபடியாகும் முடிவு வேண்டும் என்றார். இல்லாவிட்டால் பழைய மருந்தே இன்னும் ஒரு வருடம். மருந்து தோற்றது என்று வந்தால், புது மருந்தை வண்டியில் வைத்து அடிப்பார்கள். முதுகில் புகை மெஷின் தூக்கும் ஆட்களை நிறுத்திவிடுவார்கள்.

அந்த ஆட்களில் ஒருவர் என் அப்பா. இருபத்திரண்டு வருடமாகத் தற்காலிகம். தெருவில் அவருக்குப் பெயர் ‘புகை’. அப்பன் கொல்லுவான், மகள் பிணம் எண்ணுவாள் என்று எங்கள் இருவரையும் சேர்த்துச் சிரிப்பார்கள். எனக்கு எந்த முடிவு வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால் கடித்திருப்பேன். எனக்கே தெரியாது.

பஞ்சை மாற்றினேன். குழாய்களை மறுபடி கழுவினேன். அறைச் சூட்டை மணிக்கொரு தரம் எழுதினேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

புழுக்களைக் கொண்டுவருவது அப்பாதான். எந்தத் தொட்டியில் எது நெளிகிறது என்பது அவருக்கு அத்துப்படி. காலை வேலைக்கு நடுவில் பின்வாசலில் வைத்துவிட்டுப் போவார், காவலாளி எங்கள் தட்டில் ஊற்றி உள்ளே அனுப்புவார். அன்று காவலாளி விடுப்பு. நானே போனேன். அப்பா கையில் மூடி போட்ட நீல வாளி. விளிம்பில் வெள்ளையாகக் காய்ந்த பொருக்கு.

“இது மருந்து கலக்குற வாளிதானேப்பா?”

“ஆமா. நாலு தண்ணி ஊத்திக் கழுவினேன்.”

“எப்பவும் இதுலதான் கொண்டு வர்றீங்களா?”

“பின்ன? மூடி போட்ட வாளி வேணும்னு நீதானே சொன்ன. என்கிட்ட மூடி உள்ளது இது ஒண்ணுதான்.”

சொன்னது நான்தான். ஆனால் இதே வாளியைக் குடிதண்ணீர்க் குடத்துப் பக்கம் வைத்ததற்கு அம்மாவை ஒரு நாள் முழுக்கத் திட்டியவரும் இவர்தான். அந்த மிச்ச மருந்து நோஞ்சானை வழியிலேயே கொன்று முரட்டுப் புழுவை மட்டும் விட்டிருக்கும், இல்லை பிழைத்ததையும் அரைகுறையாக்கியிருக்கும். நின்ற முப்பதும் பொய்யாக இருக்கலாம், செத்த பதினான்கும் பொய்யாக இருக்கலாம்.

“தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?”

அவர் வாளியைக் கீழே வைத்தார். “தெரிஞ்சு கெடுக்கிற அளவுக்கு உங்க சோதனை எனக்குத் தெரியாதும்மா. மருந்து தோத்தா எங்களை நிறுத்திருவாங்கன்னு மட்டும் தெரியும்.”

இது ஆமாவா இல்லையா? இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

புது வாளி ஒன்றை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். கூப்பிடாமலே கூட வந்தார். நான் தனியாகப் போயிருந்தால் கண்ணில் படாத இடங்களையெல்லாம், ஒரு வீட்டுப் பின்புறத்து டயர், உடைந்த சிமெண்ட் தொட்டி, மாடிக் குழாயடிப் பள்ளம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கெடுக்க நினைத்தவர் இப்படிக் காட்டுவாரா? மாட்டிக்கொண்டதால் காட்டுகிறாரா? கேட்டால் கோபம் வரும் என்று கேட்கவில்லை. யாருக்கு வரும் என்று தெரியவில்லை.

பத்து நாள் ஆனது. மேடத்திடம் கெஞ்சிக் கூடுதல் நாள் வாங்கினேன். வெறுந்தாளில் செத்தது ஒன்றே ஒன்று. மருந்துத் தாளில் எழுபத்தாறு. மூன்று தரம் எண்ணினேன், குழாயைத் தட்டித் தட்டி எண்ணினேன். இருபத்துநான்கு பறந்தது. தொண்ணூறைத் தொடவில்லை, மருந்து தோற்றது.

அறிக்கையில், முந்தைய மூன்று முறையும் ஏன் தவறியது என்ற கட்டத்தில், ‘புழு கொண்டுவரும் பாத்திரத்தை நான் சரிபார்க்கவில்லை’ என்று எழுதினேன். வாளி யாருடையது என்று எழுதவில்லை. நான் அப்பவே சொன்னேனே என்றார் மேடம். பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்து வாங்கினேன்.

அப்பாவைத் தேடிப் போனேன். மூன்றாவது தெருவில் மெஷினுக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். எழுபத்தாறு என்றேன்.

“மிச்சம்?”

“பறக்குதுப்பா.”

ஊற்றுவதை நிறுத்தினார். வேலையைப் பற்றிக் கேட்பார் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

“அப்ப இத்தனை நாளா நான் என்னத்த அடிச்சேன்?”

அவர் மூடியைத் திருகினார், மெஷினை முதுகில் ஏற்றிக்கொண்டார். தெருவில் இன்னும் ஒன்பது வீடு பாக்கி. நிறுத்தச் சொல்வதா, வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்.