மூலைக்கொடி அருகே ஒரு பழுப்புத் திட்டு

1

மூன்று மைதானங்கள். மூன்றிலும் மூலைக்கொடியிலிருந்து நான்கு எட்டுத் தள்ளி, செருப்பளவுக்கு ஒரு பழுப்புத் திட்டு. ஏன்? இதோடு நான்கு நாளாக மல்லுக்கட்டுகிறேன். என் கதாநாயகியும்தான்.

பெரிய கால்பந்துப் போட்டியை எந்த நாட்டுக்குக் கொடுப்பது என்பதில் நடக்கும் தில்லுமுல்லுகளை எழுதத்தான் உட்கார்ந்தேன். ‘கதவு சாத்தப்பட்டது, பெட்டி கைமாறியது, உடனே தலைவர்…’

அடித்துவிட்டேன். அப்படிப்பட்ட அறையை நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. புல்லைப் பற்றியென்றால் நாள் முழுக்கப் பேசுவேன். ஆகவே, ஒரு புல் பரிசோதகர்.

2

போட்டியை நடத்த விண்ணப்பித்த நாட்டின் நான்கு மைதானங்களைப் பார்க்க வந்த குழுவில் அவர் ஒருவர். வயது ஐம்பத்திரண்டு. அவர் கையெழுத்து இல்லாமல் அறிக்கை மேலே போகாது. நாளை மாலைக்குள் போக வேண்டும்.

(மாதிரி எடுக்கும் விதியை எழுதியவரே அவர்தான்: கிழக்கு வாசலை ஒட்டிய மூலையில் மட்டும். எல்லா நாட்டையும் ஒரே மாதிரி அளந்தால்தானே ஒப்பிட முடியும்? ஆனால் எங்கே பார்ப்பார்கள் என்று தெரிந்துவிட்டால், அந்த மூலையை மட்டும் நன்றாக வைத்துக்கொண்டால் போதுமே! இது அவருக்குத் தோன்றவில்லை. நேர்மையானவர்கள் செய்யும் பிழை.)

மூன்றாவது மைதானத்தில், மாதிரி வெட்டும் கத்தியோடு மண்டியிட்டார்.

“இங்கயும் அதேதானாம்மா?” என்றார் குழுத் தலைவர். பழைய கோல்கீப்பர்.

“அதே இடம், அதே அளவு சார். இந்த மூலைப் புல்லை மட்டும் சுருட்டி, லாரில ஏத்தி, நமக்கு முன்னாடியே கொண்டுவந்து விரிக்கிறாங்களோன்னு இருக்கு.”

மைதானப் பராமரிப்பாளர் பதறினார். “ஐயோ மேடம்! எல்லா இடத்துலயும் ஒரே கம்பெனியோட புல் வெட்டற மெஷின். திரும்பற எடத்துல எண்ணெய் சொட்டும், புல் கருகிடும்.”

பரிசோதகர் புல்லை இழுத்தார். வேர் பிடிக்காமல் கையோடு வந்தது.

“போன வாரம்தான் விரிச்சோம். அதுக்கு அனுமதி இருக்கே.”

“அப்ப அந்தப் பக்கம் ஒண்ணு எடுத்துப் பாக்கறேன்.”

“விதிப்புத்தகத்துல இந்த மூலைதானே இருக்கு மேடம்? நீங்க எழுதினதாமே!”

தலைவர் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தார்.

லாரியும் சாத்தியம், எண்ணெயும் சாத்தியம். இதுதான் சிக்கல். பொய்க்குக் கையெழுத்துப் போட்டால் இருபத்திரண்டு வருடப் பெயர் போச்சு. ஆதாரமில்லாமல் மறுத்தால், தகுதியான ஒரு நாட்டுக்கு வாய்ப்பு போய்விடலாம்.

(இங்கே அவருக்கு, மோசமான தரையில் முழங்கால் போன ஒரு தம்பி இருந்தான். உங்களை அழவைக்கச் சேர்த்தது. எடுத்துவிட்டேன். கையெழுத்தே போதும்.)

3

முடிவு ஒன்று: அவர் பேசாமல் கையெழுத்திடுகிறார். நம்பமுடியவில்லை.

முடிவு இரண்டு: நிருபர்கள் முன்னால் அறிக்கையைக் கிழித்து… சினிமா. வேண்டாம்.

சரி, இருவரையும் ஹோட்டலுக்குச் சாப்பிட அனுப்பினேன். தலைவர் பல்குத்திக்கொண்டே வெளியே வந்தார். அவர் வாயையே பரிசோதகர் பார்த்துக்கொண்டு நின்றார்.

“சார், அந்தக் குச்சி…”

“இதுவா?”

“சீச்சீ! டப்பால இருக்கறது. ஏழு வேணும்.”

“ஏழா! அப்படி என்னம்மா சாப்பிட்டீங்க?”

“கூட வந்து எண்ணுங்க. நீங்கதான் சாட்சி.”

நாளைக் காலை நான்காவது மைதானத்துக்கு நான் வரமாட்டேன். கத்தியை நீங்களே பிடியுங்கள். அவர் செய்தது இதுதான்: மூன்றாவது மைதானத்துக்குத் திரும்பி, ஏழு குச்சிகளையும் பாதியாக உடைத்து, அங்கிருந்த திட்டுக்கு அடியில், வேர்களுக்கு நடுவே படுக்கைவாட்டில் செருகினார். மேலிருந்து பார்த்தால் தெரியாது. நாளைக்கும் விதிப்படி அதே மூலையில்தான் மாதிரி எடுக்க வேண்டும். யாரும் தடுக்க முடியாது. அங்கே திட்டு இருந்தால் அதை வெட்டி எடுங்கள். உள்ளே குச்சி இருந்தால், வந்தது இதே புல். இல்லாவிட்டால், சொட்டியது எண்ணெய்.