எமிலியானுஸ் தனியே சாப்பிடுவதில்லை

1

எமிலியானுஸ் தனியே சாப்பிடமாட்டார். சோறு வடித்து, மீன்சொதி கொதித்த பிறகும், தம் கடற்கரைக் குடிசையான வாடியின் வாசலில் நின்று, அரிப்பு என்ற அந்த ஊரின் கரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இளையவர் யாராவது அந்தப் பக்கம் போனால், "டேய், வயிறு என்ன சொல்லுது? வா, இரு," என்பார். ஒருவரும் வராத நாளில் சட்டியை மூடிவைத்துவிட்டுப் பட்டினி கிடப்பார். தாய் தகப்பன் யாரென்று அறியாமல், கன்னியர் மடத்து அநாதை இல்லத்தில், நீண்ட வாங்குப் பலகையில் வரிசையாக அமர்ந்து உண்டு வளர்ந்தவர். எதிரே ஒரு முகம் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

இந்தக் கதை எனக்கு டிலோஜினியிடமிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தகப்பனைக் கடல் கொண்டுபோக, தாய் குவைத்துக்குப் போனபின், அவளும் தம்பி றொட்னியும் அந்தச் சட்டிச் சோற்றில்தான் வளர்ந்தார்கள். "சேர், அந்தாளைக் கள்ளன் எண்டே எழுதுங்கோ, உண்மைதானே. ஆனால் என்னை நன்றி கெட்டவள் எண்டு எழுதிப்போடாதேங்கோ," என்றாள். இரண்டையும் ஒரே கதையில் செய்வது எப்படி என்று தெரியாமல்தான் தொடங்குகிறேன்.

2

(கைவிட்ட தொடக்கம்.) ஒரு கடற்கரையில் ஒரு காகம் இருந்தது. இரை கிடைத்தால், கரைந்து மற்றவற்றை அழைக்காமல் அது உண்ணாது. ஆனால் அது அழைத்ததெல்லாம் களவெடுத்த மீனுக்கே. அதனால் அந்தக் கரையின் குஞ்சுகள் எல்லாம்...

எல்லாம் என்ன? கெட்டன என்று எழுதினால் கதை முடிந்துவிடும். பசியாறின என்றும் எழுதவேண்டுமே! நீதிக்கதையின் கடைசி வரியில் ஒரு நீதிக்குத்தான் இடம் உண்டு. காகம் பறக்கட்டும்.

(ஓர் அடிக்குறிப்பு, மேலேறி வந்துவிட்டது: இந்தக் கரையில் ஒரு வழக்கம். மதியத்தில் எவருடைய சட்டிச் சோற்றை உண்கிறீர்களோ, அவருடைய படகுக்கு நீங்கள் ஆள். கேட்பதும் இல்லை, ஒப்புவதும் இல்லை. கை நனைத்தால் போதும்.)

3

எமிலியானுஸின் படகுக்கு வேலை, பிறர் கடலில் வைத்த நண்டுவலைகளை அவர்களுக்கு முன்னே போய்த் தூக்குவது. நண்டைக் கழற்றிக்கொண்டு, வலையை வைத்த இடத்திலேயே இறக்கிவிடுவார். அதற்காக ஒருமுறை சிறைக்கும் போய்வந்தார். "நண்டு கடலின்ர பிள்ளை. வலை மனுசன்ர கை. கையை வெட்டக்கூடாது," என்பது அவர் இளையவர்களுக்கு ஓதிய வேதம். தம் களவுக்குக் கரை கட்டியிருப்பதாக [இவ்வாக்கியம் அழகாக வருகிறது, ஆகவே நிறுத்துகிறேன்].

ஒரு மதியம், இளைஞனாகிவிட்ட றொட்னி சோற்றைப் பிசைந்தபடி சொன்னான்: "மாமா, சந்தியோகுவின்ர வலை முழுக்க அறுத்து விட்டிட்டன்."

சந்தியோகு அயல் வாடிக்காரர். முதல்நாள் பலர் முன்னே எமிலியானுஸைத் 'தாயறியாக் கள்ளன்' என்று ஏசியவர்.

எமிலியானுஸின் கை சோற்றிலேயே நின்றது. "வலையையோ? நண்டைத்தானேடா எடுக்கச் சொன்னனான்!"

"உங்களுக்காகத்தான் செய்தனான். இனி அந்தாள் வாய் திறக்கட்டும் பாப்பம்."

"அவன்ர வீட்டு உலை எப்பிடியடா கொதிக்கும்?"

"நாங்கள் நண்டை எடுக்கேக்கை மட்டும் கொதிச்சதோ, மாமா?"

எமிலியானுஸ் பாதிச் சோற்றோடு எழுந்து கையைக் கழுவினார்.

4

முதல் முடிவு: எமிலியானுஸ் பொலிசுக்குப் போய், "நான்தான் அறுத்தனான்," என்கிறார். எழுதும்போதே என் கண் கலங்கியது. உடனே ஐயமும் வந்தது. அவர் சிறை போனால், றொட்னி அவருடைய படத்துக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, அதே படகைத் தள்ளிக்கொண்டு போவான்.

இரண்டாம் முடிவு: ஒருநாள் றொட்னி தன் தவறை உணர்ந்து... உணரட்டும். என் பேனா உணர்த்தி என்ன பயன்?

5

நடந்தது இது. எமிலியானுஸ் றொட்னியை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போனார். அலைந்து திரிந்த வலைகளைக் கொக்கி போட்டுத் தேடி எடுத்து, பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, சந்தியோகுவின் வாடிக்கு முன்னே கொண்டுவந்து இறக்கினார்.

"நண்டெடுத்தது நான். அறுத்தது நான் பழக்கின கை. கிழிசலைப் பொத்தித் தாறன், அண்ணை."

"கள்ளனுக்கு வலை பொத்தவும் தெரியுமோ?"

"அது மடத்திலே சிஸ்டர்மார் பழக்கினவை. களவுதான் நானாப் பழகினது."

மணலில் அமர்ந்து ஊசியும் நூலுமாகத் தொடங்கினார். மதியமாயிற்று. சந்தியோகுவின் மனைவி அருளம்மா சோற்றை இறக்கிவைத்தார். றொட்னி வழக்கம்போல் எமிலியானுஸின் சோற்றுப்பொதியை அவிழ்க்கப் போனான். அவர் அவன் கையைத் தடுத்தார்.

"இனி என்ர சோறு உனக்கில்லை."

"மாமா?"

அவர் அவனைப் பார்க்கவில்லை. "அண்ணை, உங்கட சட்டியிலே இவனுக்கு ஒரு பிடி போடுங்கோ."

கேட்டது சோறு அல்ல, படகில் ஓர் இடம் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கியது. சந்தியோகு அறுந்த வலையைத் தூக்கி ஓரமாக வைத்து இடம் விட்டார். பிறகு, "அருளம்மா, இன்னொரு சாப்பாட்டுக் கோப்பை எடு. டேய் வலையறுப்பான், கையைக் கழுவிப்போட்டு இரு," என்றார்.

றொட்னி அழுதுகொண்டே உண்டான். அப்பால் எமிலியானுஸ் பொத்திக்கொண்டிருந்தார். அவருடைய பொதி அவிழவில்லை.

6

மறுநாளும் அவிழவில்லை. அதற்கடுத்த நாள் டிலோஜினி ஒரு சட்டியோடு போய் அவருக்கு எதிரே அமர்ந்தாள்.

"என்னோட இருந்து நீங்கள் கெட்டது போதும், பிள்ளை. எழும்பிப் போ."

"இது என்ர சட்டி, மாமா. என்னட்டைப் படகு இல்லை. பயப்பிடாமல் சாப்பிடுங்கோ."

இங்கே பேனாவை வைக்கிறேன். 'நன்றி' என்று எழுதி, அடித்துவிட்டேன். அவள் சட்டியைத் திறந்துவிட்டாள், இனி அந்தச் சொல்லுக்கு வேலை இல்லை. அவர் கை நனைத்தாரா என்பதை அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வாசகரே, அதை நீங்கள் முடியுங்கள். அவசரம் வேண்டாம். வலையில் இன்னும் பாதிக் கிழிசல் கிடக்கிறது. அதைப் பொத்தி முடிக்காமல் எமிலியானுஸ் அந்த மணலை விட்டு எழுந்து போகப்போவதில்லை.