கஜபதி செய்த கருங்காலித் தாயக்கட்டை

ஆவடி குவார்ட்டர்ஸில் கஜபதியின் மரப் பைத்தியம் ஊரறிந்த சங்கதி. ராணுவத் தொழிற்சாலையில் வார்ப்புக்கு மர அச்சு செய்வது அவர் வேலை. எட்டு மணி நேரம் மரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனிதன் வீட்டில் மரத்தை ஏறெடுத்தும் பார்க்கமாட்டான் என்றுதானே நினைப்போம்? இவர் சட்டையைக் கழற்றிய கையோடு பின்பக்கம் உட்கார்ந்து தாயக்கட்டை செய்வார். கடையில் பித்தளையிலேயே கிடைக்கிறதே என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போச்சு. பித்தளைக்கு வாசனை உண்டா, ரேகை உண்டா என்று ஆரம்பித்து ஆளை ஒரு வழி பண்ணிவிடுவார்.

குவார்ட்டர்ஸில் எல்லா ஜில்லாக்காரர்களும் இருந்தார்கள். லீவில் ஊருக்குப் போனவர்கள் திரும்பும்போது மற்ற வீடுகளுக்கு அல்வாவும் முறுக்கும் வரும். கஜபதி வீட்டுக்கு மட்டும் ஒரு துண்டு மரம் வரும். கூடலூர்க்காரர் ஈட்டி மரம் கொண்டுவந்தார். திருப்பத்தூர்க்காரர் ஒருவர், எங்கே கிடைத்தது என்று கேட்கக்கூடாத ஒரு விரல் நீளச் சந்தனம் கொண்டுவந்தார். எண்பத்தைந்து கடைசியில் செங்கோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர் செய்தித்தாளில் சுற்றி ஒரு கருங்காலித் துண்டைக் கொடுத்தார். உள்ளே மை போலக் கறுப்பு, ஓரத்தில் மட்டும் பால் போல வெள்ளை. கஜபதிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

வெள்ளையைச் சீவி எறிந்துவிடுவதுதான் முறை. ஆனால் எறிய மனசு வரவில்லை. தாயக்கட்டை ஒவ்வொன்றுக்கும் நான்கு முகம்: ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, ஒன்று வெறும் முகம். ஒரு கட்டையில் ஒற்றைப் புள்ளியும் இன்னொன்றில் வெறும் முகமும் விழுந்தால் தாயம். தாயம் விழாமல் காய் இறங்காது. விழுந்தால் மறுபடி உருட்டலாம். கஜபதி ஒரு கட்டையில் ஒற்றைப் புள்ளி முகத்தையும், மற்றதில் வெறும் முகத்தையும் வெள்ளையாக வைத்துச் செதுக்கினார். தாயம் விழும்போது இரண்டு வெள்ளையும் சேர்ந்து சிரிக்க வேண்டும் என்று ஆசை. நல்ல ஆசைதான். அதுதான் வினை.

செய்து முடித்த ஒவ்வொரு கட்டையையும் அவர் ஒரு வாளித் தண்ணீரில் மிதக்கவிட்டுச் சுழற்றிப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு முகம் மேலே வந்தால் கட்டை ஒழுங்கு. ஒரே முகமே மேலே வந்தால் ஒரு பக்கம் கனம், தூக்கி அடுப்பில் போட வேண்டியதுதான். கருங்காலியை வாளியில் போட்டார். இரண்டும் கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்துகொண்டன. மிதக்காத கட்டையை எப்படிச் சோதிப்பது? "முங்குற மரம் பொய் சொல்லாது" என்று மனைவி சுசீலாவிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுத் துடைத்து எடுத்து வைத்தார்.

அடுத்த பொங்கலுக்குக் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் பெண்களுக்குத் தாயப் போட்டி. முதல் பரிசு அந்தக் கருங்காலிக் கட்டைதான். கடைசி ஆட்டத்தை அதை வைத்தே ஆடட்டும் என்று கஜபதியே பெருமையாகக் கொண்டுவந்து வைத்தார். கடைசிக்கு வந்தவர்கள் இருவர். ஒருத்தி போர்மேன் மனைவி பொன்னம்மாள். இன்னொருத்தி வசந்தகுமாரி, மெஷின் ஷாப் மனோகரனின் மனைவி, பக்கத்துச் சேக்காட்டில் பிறந்தவள். அவள் அப்பா அம்மா அங்கே நாற்று நட்டுக் கூலி வாங்கியவர்கள் என்பது குவார்ட்டர்ஸில் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்பதை யாரும் அவளை மறக்கவிட்டதில்லை. கஜபதியும் சேக்காட்டுக்காரர்தான். அவள் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

பொன்னம்மாள் கட்டையை உள்ளங்கையில் தேய்த்துப் பட்டென்று தரையில் அறைவாள். வசந்தகுமாரி அப்படியில்லை. குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல மெதுவாக விடுவாள். கட்டை பாய் நெடுக உருண்டு போய்த் தானாக நிற்கும். தாயம் விழுந்தது. மறுபடி தாயம். மூன்றாவதும் தாயம். பத்து முறை உருட்டியதில் ஏழு தாயம். கூட்டம் முதலில் கை தட்டியது, பிறகு கிசுகிசுத்தது.

"இது உருட்டுறது இல்ல, கை வேலை" என்றாள் பொன்னம்மாள்.

"நான் இன்னாக்கா பண்ணேன்? எல்லாரும் பாத்துகினுதானே கீறீங்க!" என்றாள் வசந்தகுமாரி.

"கட்டையில ஏதாவது கோளாறு இருக்கப்போவுது" என்று யாரோ நியாயமாகச் சொன்னார்கள். எல்லாத் தலையும் கஜபதி பக்கம் திரும்பின. வசந்தகுமாரியும் திரும்பினாள்.

அந்த ஒரு நிமிஷத்தில் அவர் என்ன சொல்லியிருக்கலாம்? 'இதை மட்டும் சோதிக்க முடியவில்லை' என்று சொல்லியிருக்கலாம். அதற்கு வாய் வலிக்குமா? ஆனால் அவ்வளவு பேர் நடுவில் தன் கட்டையைக் குறை சொன்னதும் அவருக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

"எல்லாத்தியும் தண்ணில போட்டுப் பாத்துட்டுத்தான் குடுக்கறேன். என் கட்டை மேல குத்தம் கெடையாது" என்றார்.

கட்டையின் மேல் குற்றமில்லை என்றால் கையின் மேல்தானே? அதை அவர் சொல்லவில்லை, மற்றவர்கள் சொல்லிக்கொண்டார்கள். "சேக்காட்டுக் கை" என்று ஒரு குரல் கேட்டது. பரிசு யாருக்கும் இல்லை என்று அறிவித்தார்கள். வசந்தகுமாரி எழுந்து பாயின் ஓரத்தை நேராக்கிவிட்டுப் போனாள். அதன்பிறகு குவார்ட்டர்ஸில் சின்னதாக எது காணாமல் போனாலும் அவள் வீட்டுக் கதவைத்தான் பார்த்தார்கள். சித்திரை பிறப்பதற்குள் மனோகரன் வீட்டைக் காலி செய்துகொண்டு சேக்காட்டுக்கே போய்விட்டான்.

அந்த மே மாதம் சுசீலா ஊறுகாய்க்காக மாங்காயை உப்புத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். "உப்பு போதல, பாருங்க, அடியிலயே கீது" என்று இன்னும் இரண்டு கை அள்ளிப் போட்டுக் கலக்கினாள். மாங்காய் மெல்ல மேலே வந்தது. கஜபதி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வேறொரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, உப்பு கரையமாட்டேன் என்கிறவரைக்கும் கொட்டிக் கலக்கி, கருங்காலிக் கட்டையைப் போட்டார். மிதந்தது. வெள்ளை மேலே. அழுத்திச் சுழற்றிவிட்டார். வெள்ளை மேலே. இன்னொன்றைப் போட்டார். அதுவும் வெள்ளை.

கறுப்பு கனம், வெள்ளை லேசு. தச்சு வேலைக்கு வந்த முதல் வருஷமே தெரிந்த விஷயம். பட்டென்று அறைகிறவள் கையில் கட்டை அதன் போக்கில் போகாது. தானாக உருளட்டும் என்று விட்டவள் கையில்தான் கனம் தன் வேலையைக் காட்டும். யார் கள்ளமில்லாமல் ஆடினாளோ அவளுக்குத்தான் திருடி என்று பெயர்.

சேக்காடு நடந்து போனால் இருபது நிமிஷம். கஜபதி போகவில்லை. நாளைக்குப் போகலாம் என்றார், சம்பளம் வரட்டும் என்றார், அவளே மறந்திருப்பாள் என்று தனக்குத்தானே ஜாமீன் கொடுத்துக்கொண்டார். ஆபீசர் வீடுகளிலிருந்தெல்லாம் கட்டை கேட்டு ஆள் வந்த நேரம் அது. பெயர் கெட்டுவிடுமே என்கிற பயம்தான், வேறென்ன? இப்படியே எட்டு வருஷம் போயிற்று. ரிட்டயர் ஆனபிறகு ஒரு கட்டையும் செய்யப் பிடிக்கவில்லை. உளியை எடுத்தாலே அவள் திரும்பிப் பார்த்த முகம் வந்து நின்றது.

தொண்ணூற்று நான்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேக்காட்டையும் விட்டுப் போய்விட்டவர்களின் விலாசம் விசாரித்துக்கொண்டு முகப்பேர் போனார். ஹவுசிங் போர்டு பிளாட்டில் மூன்றாவது மாடி. வசந்தகுமாரி கதவைத் திறந்து, "வா அண்ணே, எப்படிகீற?" என்றாள், நேற்றுப் பார்த்ததுபோல. தலையில் நரை விழுந்திருந்தது. மனோகரன் கடைக்குப் போயிருந்தான். டீ கொடுத்தாள். கஜபதி பையிலிருந்து அந்தக் கருங்காலிக் கட்டைகளை வெளியே எடுத்தார். வாளியில் ஆரம்பித்து உப்புத் தண்ணீர்வரை ஒன்று விடாமல் சொன்னார். பொய் சொன்னேன் என்றும் சொன்னார்.

அவள் கையை நீட்டிக் கட்டைகளை வாங்கினாள். மொசைக் தரையில் அன்று போலவே மெதுவாக உருட்டிவிட்டாள். தாயம். எடுத்து மறுபடி உருட்டினாள். தாயம்.

"அன்னிக்கு இருந்தவுங்ககிட்ட எல்லாம் சொன்னியா?"

"இல்லம்மா. மொதல்ல உன்கிட்ட..."

"இனிமே யாரைப் போய்த் தேடுவ? ஆளுக்கொரு ஊருக்குப் பூட்டாங்க" என்றாள். கோபம் இல்லை, கோபப்பட்டிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்த இரண்டு வெள்ளையையும் விரலால் தடவினாள்.

"பொறந்ததுலேர்ந்து எனக்குன்னு எதுவும் சும்மா வந்ததில்லண்ணே. அன்னிக்கு ஒரு நாளுதான் சாமி எம்பக்கம் நின்னு ஏழு தாயம் போட்டுச்சுன்னு நெனச்சுகினு இருந்தேன். ஊரே திருடின்னு சொன்னப்பவும் அது ஒண்ணுதான் என் கையில இருந்துச்சு." கட்டைகளை அவர் பக்கம் நகர்த்தினாள். "அதையும் வந்து எடுத்துக்கினு போறியே, அண்ணே."