சிறிதேவியின் டுலூத்

வெள்ளிக்கிழமைக்குள் புத்தகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று நூலகத்திலிருந்து இரண்டாவது கடிதம் வந்திருந்தது. அமெரிக்காவிலிருந்து இரவலாக எடுத்துக் கொடுத்த புத்தகம். டுலூத் என்ற துறைமுக நகரத்தினதும் அதைச் சுற்றியுள்ள இரும்புச் சுரங்கங்களினதும் வரலாறு. என் மனைவி சிறிதேவி ஓரமெல்லாம் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள். அப்படியே கொடுக்க முடியாது. ஞாயிறு பின்னேரம் அம்மருட் புறநகரில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில் அழிறப்பரோடு உட்கார்ந்தேன். அவள் போய்ச் சேர்ந்து மூன்று மாதம்.

மகன் தக்சன் டுலூத்துக்கு வேலைக்குப் போன 2004இல்தான் அவள் அந்த ஊரைப் படிக்கத் தொடங்கினாள். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை முடிந்து வந்து, அகராதியும் கையுமாக இருப்பாள். நான் சிரித்தால் சொல்வாள்:

“நீங்கள் அவனிட்டைச் சாப்பிட்டியோ, குளிரோ எண்டு மட்டும்தானே கேக்கிறியள். பிள்ளை என்ன, ஆசுப்பத்திரியிலேயே கிடக்கிறான்?”

ஓரங்களில் சொற்களுக்குக் கருத்துத்தான் எழுதியிருப்பாள் என்று நினைத்திருந்தேன். எல்லாம் அவனிடம் கேட்க வைத்த கேள்விகள். 1918ஆம் ஆண்டுக் காட்டுத்தீ பற்றிய பக்கத்தில், ‘வேலைக்குப் போற வழியிலை அந்தக் காடு வருமோ?’ கேட்டு முடித்தவற்றுக்குச் சரி போட்டிருந்தாள். அவற்றை ஒவ்வொன்றாக அழித்தேன். நூற்று நாற்பதாம் பக்கத்துக்குப் பிறகு ஒன்றுக்கும் சரி போட்டிருக்கவில்லை.

‘கப்பல் ஊதினால் பாலமும் திருப்பி ஊதுமாம். அவன்ரை அறைக்குக் கேக்குமோ?’

அதை அழிக்கக் கை போகவில்லை. செத்தவீட்டுக்குப் பிறகு நானும் அவனும் தொலைபேசியில் இரண்டு நிமிடத்தைத் தாண்டியதில்லை. எண்ணை அழுத்தினேன். அங்கே மதியம்.

“அப்பா? என்ன, சுகமில்லையோ?”

சாப்பிட்டியோ என்பது வாய்வரை வந்தது.

“இல்லை. அங்கை கப்பல் ஊதினால் பாலமும் ஊதுமாமே. உன்ரை அறைக்குக் கேக்குமோ?”

“உது உங்களுக்கு ஆர் சொன்னது?” என்றான்.

“படிச்சுக்கொண்டிருக்கிறன்.”

“நீங்களோ?” சிரிக்கப் பார்த்தான். “நில்லுங்கோ.”

யன்னல் திறபட்டது.

“தூரத்திலை ஒண்டு வருது. பாலத்தடிக்கு வர அரை மணித்தியாலமாவது செல்லும்.”

“செல்லட்டும்.”

தொலைபேசியை யன்னலோரம் வைத்தான் போலிருக்கிறது. காற்றுத்தான் இரைந்தது. இடையிடையே ஏதோ கடற்பறவை. சற்றுக் கழித்து, அவன் ஒரு கதிரையைக் கிட்ட இழுத்துப் போடுவது கேட்டது.