இது தெளிவா, அது தெளிவா

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. முதலில் வைத்தது யாரென்று யாருக்கும் ஞாபகமில்லை. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் பெருமையாகத் திரும்பிப் பார்ப்பாள். வீடியோ கேம் செய்கிற கம்பெனியில் அவள் வேலை குறை கண்டுபிடிப்பது. கதவைத் திறந்தால் கை கதவுக்குள் புகுந்துவிடுகிறதா, ஓடுகிறவனோடு அவன் நிழலும் ஓடுகிறதா என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை விளையாடிப் பார்க்க வேண்டும். கேட்பதற்குச் சொகுசாகத்தான் இருக்கும். ஒரே படிக்கட்டில் நாள் முழுக்க ஏறி இறங்கிப் பாருங்கள், அப்போது தெரியும் சேதி!

அன்று காலை புதுப் பில்டு வந்திருந்தது. அதுவரை முடிந்த வேலையையெல்லாம் சேர்த்து, ஆடிப் பார்க்கத் தோதாகத் தருகிற பதிப்பைத்தான் பில்டு என்பார்கள். எந்தப் பில்டு வந்தாலும் அவள் முதலில் போவது ஒரே இடத்துக்கு. மலையடிவாரத்தில் தொங்குவண்டி புறப்படுகிற நிலையம், அதை ஒட்டி ஒரு கம்பிவேலி. குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கம்பி. படத்தில் புள்ளிகளைக் குறைத்தால் முதலில் காட்டிக்கொடுப்பது அந்த வேலிதான் என்பது அவள் கணக்கு. அதைப் பார்த்த பிறகுதான் ஏரிக்கரைக்குப் போவாள். ஏரித் தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரியும் அழகை ஒரு தரம் பார்க்காமல் அவளுக்கு வேலை ஓடாது.

அன்றைக்கு ஏரி வரைக்கும் போகவில்லை. வேலியிலேயே நின்றுவிட்டாள்.

பார்வையைக் கொஞ்சம் நகர்த்தினால் கம்பி மேல் என்னவோ ஊர்ந்தது, எறும்புச் சாரை போகிற மாதிரி. நேற்று வரை வழவழவென்று நின்ற வேலி! கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள். மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். ஊர்ந்தது.

மெனுவில் ரெசல்யூஷன், அதாவது படத்தின் புள்ளிக் கணக்கு, ‘ஃபோர்-கே’ என்று முழு அளவாகத்தான் போட்டிருந்தது. அதைப் பார்த்து ஏமாற அவள் என்ன நேற்று வேலைக்குச் சேர்ந்தவளா? மெனு சொல்வது டிவிக்குப் போய்ச் சேரும் அளவை. உள்ளே படத்தைச் சின்னதாக வரைந்து, இழுத்துப் பெரிதாக்கி அனுப்பினாலும் மெனு அதையேதான் சொல்லும். உள்ளே நடப்பது தெரிந்தவர் அந்தக் கம்பெனியில் ஒருவர்தான். அதற்கான நிரலை எழுதுகிறவர். அவர் அவளுடைய சொந்தத் தங்கையின் புருஷன்.

அந்தக் கல்யாணத்தை முடித்து வைத்ததே அவள்தான். போன வருஷம் கேம் திக்கித் திணறி ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி எல்லோரையும் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். படத்தின் அளவைக் குறைத்துவிடலாம் என்று ஆளாளுக்குச் சொன்னபோது, “அதெல்லாம் வேணாம், நான் பாத்துக்கறேன்” என்று ஒற்றை ஆளாக உட்கார்ந்து சரிசெய்தவன் அவன். அப்போது அவன்தான், மாப்பிள்ளையான பிறகுதான் அவர். கேம் தங்குதடையில்லாமல் ஓடியது. வேலியும் வழவழவென்று நின்றது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துத்தான் பாஸ் போட்டாள். அந்த வாரமே அம்மாவிடம் போய், “நம்ம சின்னவளுக்கு ஏத்த பையன்மா. வேலையில ஒரு பொய் கெடையாது” என்றாள். அம்மா கேட்டது ஒரே கேள்விதான்.

“நீ பாத்துட்டியா?”

“நான் பாத்துட்டேன்.”

அதற்குமேல் வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை. பூதக்கண்ணாடி பார்த்தாயிற்று, வேறென்ன வேண்டும்?

அவள் எழுந்து அவர் மேஜைக்குப் போனாள்.

“மாப்பிள்ளை, படத்துல ஏதாவது மாத்தினீங்களா?”

“படத்துலயா? இல்லையே அக்கா.”

சொல்லிக்கொண்டே, திரையில் திறந்திருந்ததைப் பட்டென்று மூடினார். காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன. ஒன்றும் மாற்றாதவர் எதற்கு மூட வேண்டும்? அவள் “சரி” என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். ஆனால் சந்தேகம் என்று ஒன்று உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் சும்மா இருக்குமா? அவர் தண்ணீர் குடிக்கப் போனால் கண் கூடவே போனது. மத்தியானம் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுகிற மனுஷர் அன்று தனியாக மாடிப்படிப் பக்கம் ஒதுங்கினார். பாத்திரம் கழுவப் போகிற சாக்கில் அவளும் அந்தப் பக்கம் போனாள். அவர் போனில் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்.

“அக்காவுக்கு இன்னும் தெரியாது... சந்தேகம் வந்துருச்சுன்னு நெனைக்கிறேன்... சரி, சரி, நான் சொல்லல.”

அடப்பாவி! பாத்திரத்தைக் கழுவாமலே திரும்பினாள்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அடுத்த வாரம் கேமை வாங்கி வெளியிடப் போகிற கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். கேம் உறையில் ‘முழு ஃபோர்-கே’ என்று கொட்டை எழுத்தில் அச்சாகப் போகிறது. கேம் எங்கேயோ திணறியிருக்க வேண்டும், மாப்பிள்ளை யாருக்கும் தெரியாமல் படத்தைச் சுருக்கியிருக்க வேண்டும். கூட்டாளி ஒருத்தனும் போனில் இருக்கிறான். வருகிறவர்கள் கண்டுபிடித்தால் முதலில் போவது இவர் வேலை. அதுகூடப் போகட்டும். வேலையில் இப்படிப் பொய் சொல்கிறவர் வீட்டில் என்னென்ன சொல்வார்? ‘நான் பாத்துட்டேன்’ என்று ஒரு பொய்யனையா தங்கை தலையில் கட்டினோம்?

தங்கைக்குப் போன் போட்டாள்.

“அவர் எப்படி இருக்காரு?”

“எப்பவும் போலத்தான். ஏன் கேக்கற? நீ சாப்பிட்டியா?”

பேச்சை மாற்றுகிறாளே என்று தோன்றியது. சேச்சே, அது பச்சைப்பிள்ளை, வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாது. அதையும் அல்லவா ஏமாற்றிக்கொண்டிருக்கிறான்! கோபத்தில் மாப்பிள்ளை மறுபடியும் அவனாகிவிட்டார்.

நேராக முதலாளி அறைக்குப் போய் விஷயத்தைக் கொட்டினாள். அவர் நாற்காலியில் ஆடியபடியே கேட்டார்.

“ஏம்மா, ஆடறவனுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது?”

“எனக்குத் தெரியுது சார். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. போன மாசத்துப் பில்டு ஒண்ணு, இன்னைக்கு வந்தது ஒண்ணு. எது எதுன்னு எனக்கும் சொல்லாதீங்க, அவருக்கும் சொல்லாதீங்க.”

முதலாளிக்கு வேடிக்கை என்றால் கொள்ளைப் பிரியம். மறுநாள் மத்தியானம் கூடத்தில் ஒரே மாதிரி இரண்டு டிவி வந்து இறங்கின. எந்தப் பில்டு எதில் என்பது அவருக்கு மட்டும் தெரியும். வழக்கமாக ஆடிப் பார்க்க வருகிறவர்களையும் வரவழைத்திருந்தார். ஒவ்வொருவராக இரண்டிலும் ஆடிவிட்டு, எது தெளிவு என்று சொல்ல வேண்டும்.

கல்லூரிக்காரன் ஒருத்தன் வலது என்றான். ஏன் என்று கேட்டால், அதில் வண்டி வேகமாகப் போகிறதாம். பஸ் ஓட்டுநர் ஒருவர் வெகுநேரம் தாடையைத் தேய்த்துவிட்டு இடது என்றார். அந்த நாற்காலிதான் முதுகுக்கு இதமாக இருந்ததாம். இன்னொரு பெண், “ரெண்டும் ஒண்ணுதானே? என்னை வச்சு வெளையாடறீங்களா?” என்று முதலாளியையே மடக்கினாள். இடதென்றும் வலதென்றும் மாறி மாறி வந்துகொண்டிருந்ததே தவிர, ஒருவர் சொன்ன காரணத்திலும் உருப்படியாக ஒன்றுமில்லை. முதலாளி அவளைப் பார்த்து, ‘நான் சொல்லலை?’ என்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினார்.

அவள் முறை வந்தது. உட்காரக்கூட இல்லை. இரண்டிலும் வேலிக்குப் போனாள், பார்வையை ஒரு தரம் நகர்த்தினாள்.

“இடதுதான் முழு அளவு. வலதுல கம்பி ஊருது. அது கொறைச்சது. நேத்து வந்த பில்டு அதுதான்.”

முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். “அடேயப்பா! இடது பழசு, வலது புதுசு. கரெக்டாச் சொல்லிட்டாங்களே!”

கூடத்தில் கைதட்டினார்கள். அவள் தட்டலைக் காதில் வாங்கவே இல்லை. சுவரோரம் நின்ற மாப்பிள்ளைக்கு நேராகத் திரும்பினாள். ஒரு வருஷமாகக் கட்டிக் காத்த மரியாதையெல்லாம் பறந்துவிட்டது.

“ஒண்ணும் மாத்தலன்னு சொன்னியே! ஏன்டா பொய் சொன்ன? உன்ன நம்பித்தானே என் தங்கச்சியக் குடுத்தேன்?”

அவர் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, இரண்டு பில்டுகளையும் உள்ளே திறந்து காட்டினார்.

“மாத்தினது நெசம் அக்கா. வித்தியாசம் இருக்குன்னு நீங்க சொன்னதும் நெசம். ஆனா கொறைச்சது புதுசு இல்ல, பழசுதான். பழசுல படத்தைப் பாதியா வரைஞ்சு, பெருசாக்கி, பிசிறு தெரியாம இருக்க மேல ஒரு வழவழப்பு பூசியிருந்தேன். இப்பத்தான் நெசமாவே முழு அளவு. பூச்சை எடுத்துட்டேன், அதனாலதான் கம்பி ஊர்ற மாதிரி தெரியுது. அதை இன்னும் சரி பண்ணணும்.”

முதலாளி குனிந்து திரையில் தெரிந்த இரண்டு அளவுகளையும் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“அப்ப ஒரு வருஷமா நம்ம பூதக்கண்ணாடி பாதிப் படத்துக்குத்தான் பாஸ் போட்டுக்கிட்டு இருந்துச்சா? சரி விடுங்க, வர்றவங்ககிட்ட இப்ப தைரியமாக் காட்டலாம். தம்பி, இனிமே இந்த மாதிரி வேலையெல்லாம் என்கிட்ட வச்சுக்காதே.”

சிரித்துக்கொண்டே போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அவளுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. மெல்லக் கேட்டாள்.

“கேம் திணறுதுன்னு தனியா உக்காந்து சரி பண்ணினியே, அப்பத்தானா?”

“அப்பத்தான் அக்கா.”

அந்த வாரம்தான் அவள் அம்மாவிடம் போய் நின்றாள். வேலையில் ஒரு பொய் கிடையாது என்று அவள் கை நீட்டிக் காட்டிய வேலையே பொய். கைப்பையை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கினாள்.

தங்கை வேலை செய்வது இரண்டு தெரு தள்ளி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். நாள் முழுக்க ஆட்களை உட்காரவைத்து, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று கேட்பதுதான் அவள் பிழைப்பு. அக்கா உள்ளே நுழைந்தபோது, புதுக் கண்ணாடி போட்ட ஒருவர் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

“பழசே தேவலாம்மா. இதைப் போட்டா தரை சாயுது!”

“கண்ணு பழசுக்குப் பழகிருச்சு சார். ஒரு வாரம் போட்டுட்டு வாங்க, அப்புறமும் பழசுதான் பிடிச்சிருந்தா மாத்தித் தர்றேன்.”

அவர் தரையைப் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து வெளியேறினார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“உன் புருஷன் ஒரு பொய்யன்டி. நான்தான் ஏமாந்து உன்னைக் கட்டி வச்சேன்” என்று தொடங்கி, மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். தங்கை வில்லைகளைப் பெட்டியில் வரிசையாகச் செருகிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஆச்சரியம் என்பதே இல்லை.

“ஒனக்கு... தெரியுமா?”

“தெரியும்க்கா. கேமை வீட்டு டிவியில போட்டுக் காட்டினாரு. ‘என்னங்க, பழைய பவர் கண்ணாடி போட்ட மாதிரி மொழுக்குன்னு இருக்கு’ன்னு கேட்டேன். அது அப்படித்தான்னாரு. மறுபடி கேட்டேன். முழியைப் பாத்தாலே தெரிஞ்சு போச்சு. எல்லாத்தையும் சொல்லிட்டாரு. மொதல்ல ஒழுங்காச் செஞ்சு முடிங்க, அப்புறம் அக்காகிட்ட சொல்லலாம்னு நான்தான் சொன்னேன்.”

மாடிப்படியில் குசுகுசுத்தது இவளோடுதானா!

“என்கிட்ட ஏன்டி மறைச்ச?”

“சொல்லியிருந்தா அன்னைக்கே என் பெட்டியைக் கட்டி அம்மா வீட்டுல இறக்கியிருப்ப. அதோட, ‘நான் பாத்துட்டேன்’னு எத்தனை பெருமையாச் சொன்ன நீ? அது உடையறதைப் பாக்க எனக்கு மனசு வரலக்கா.”

அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை நாளும் தங்கையைத் தான் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தாள்! மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

“இப்படிப்பட்டவரோட எப்படி இருப்ப?”

“ஒரு தரம் என்கிட்ட பொய் சொல்லப் பாத்தாரு, முடியல. அது போதும் எனக்கு. என்கிட்ட அவரால எதையும் மறைக்க முடியாது.”

அந்த நேரம் பார்த்து தங்கையின் போன் அடித்தது. அவர்தான். சத்தத்தைக் கூட்டி மேஜை மேல் வைத்தாள்.

“அக்கா அங்க வந்தாங்களா? ரொம்பக் கோபமா இருக்காங்களா?”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை இழுத்தாள். கூடத்தில் ஏன்டா என்று கேட்டது உறுத்தியது. தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

“மாப்பிள்ளை, நாளைக்கு நீங்க என் பக்கத்துல உக்காருங்க. நான் பாஸ் போட்டது அத்தனையும் திரும்பப் பாக்கணும். உள்ள என்ன இருக்குன்னு ஒண்ணு விடாமக் காட்டுங்க.”

“சரி அக்கா.”

“வேற ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. நானாக் கண்டுபிடிச்சேன்னா நல்லா இருக்காது.”

தங்கை சிரித்தபடி அக்காவைப் பார்த்தாள், ‘இனி என்ன இருக்கப்போகுது?’ என்கிற சிரிப்பு.

“அக்கா... அந்தத் தண்ணி.”

“எந்தத் தண்ணி?”

“ஏரித் தண்ணி. மலை தலைகீழாத் தெரியுமே, அது தண்ணியில தெரியறது இல்ல. ஒரு படம். எடுத்துக் கவுத்து ஒட்டி வச்சிருக்கேன்.”

தங்கையின் சிரிப்பு நின்றது. கையிலிருந்த வில்லையை மேஜையில் வைத்துவிட்டுப் போனைத் தன் பக்கம் திருப்பினாள்.

“இதை என்கிட்ட சொல்லலையே நீங்க?”

“நீ கேக்கலையே...”

“வேற என்னல்லாம் நான் கேக்கல?”

அக்கா தோளில் மாட்டிய கைப்பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தங்கையை ஒட்டி உட்கார்ந்தாள்.